மடியும் கூரையும் வடியும் நீரும்

கூரையை மடித்துப் பின்னால் ஒதுக்கிவிட்டு வெயிலிலும் காற்றிலும் ஓட்டிச் செல்லத்தக்க கார்களைக் கன்வெர்ட்டிபிள் என்று அழைக்கிறார்கள். அவற்றுள்ளும் இரண்டே இருக்கைகளும் குறைந்த எடையும் தாழ்ந்த உடலும் கொண்டு, பயணத் தேவையைவிட ஓட்டும் சுகத்துக்கென்றே கட்டப்படும் வகைக்கு ரோட்ஸ்டர் என்று பெயர். இவ்வகையில் உலகிலேயே அதிகம் விற்ற கார் ஜப்பானின் ஹிரோஷிமா நகரில் பிறந்தது. தமிழ்நாட்டுச் சாலைகளில் சுவராஜ் மாஸ்டா வேன்களின் முகப்பில் படித்துப் பழகிய அதே மாஸ்டா நிறுவனம் 1989ஆம் ஆண்டு முதல் தயாரித்து வரும் அந்தக் கார், அமெரிக்காவில் மியாட்டா என்றும் ஐரோப்பாவில் எம்.எக்ஸ்.-5 என்றும் ஜப்பானில் ரோட்ஸ்டர் என்றும் வழங்கப்படுகிறது. திறந்த காரை வைத்திருப்பவர் அடையும் இன்பங்களும் படும் பாடுகளும் எங்கிருந்து வருகின்றன என்று அறிய விரும்புபவருக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. ஏனெனில் எதைச் சேர்ப்பது என்பதைவிட எதை விட்டுவிடுவது என்பதிலேயே இதை வடிவமைத்தவர்கள் பெருங்கவனம் செலுத்தினார்கள். விட்டதன் பயனும் விட்டதன் விலையும் இந்தக் காரில் அருகருகே கண்ணுக்குத் தெரிகின்றன.

இத்தகைய கார்களின் பழைய தாயகம் இங்கிலாந்து. எம்.ஜி., டிரையம்ஃப், ஆஸ்டின்-ஹீலி, லோட்டஸ் ஆகிய பெயர்களைத் தாங்கிய சிறிய திறந்த கார்கள் இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்காவுக்குப் பெருமளவில் கப்பலேறின. அழகும் கலகலப்பும் மிகுந்த அந்தக் கார்கள் மழையில் ஒழுகுவதற்கும் என்ஜினிலிருந்து எண்ணெய் சொட்டுவதற்கும் மின்சுற்று திடீரென்று செத்துப்போவதற்கும் அதே அளவு பெயர் பெற்றிருந்தன. 1970களில் அமெரிக்காவில் பாதுகாப்பு விதிகளும் புகை விதிகளும் இறுகிக்கொண்டே போக, கார் கவிழ்ந்தால் உள்ளிருப்பவர்களைக் காக்கும் வலிமை கூரைக்கு வேண்டும் என்ற விதி வரப்போகிறது என்ற அச்சத்தில் பல நிறுவனங்கள் திறந்த கார்களையே கைவிட்டன. 1976ஆம் ஆண்டின் கேடிலாக் எல்டொராடோதான் அமெரிக்காவின் கடைசி கன்வெர்ட்டிபிள் என்று விளம்பரப்படுத்தப்பட்டு விற்கப்பட்டது. 1980ஆம் ஆண்டில் அபிங்டன் நகரின் எம்.ஜி. தொழிற்சாலையும் மூடப்பட்டது. எளிய வருவாய் உள்ளவர் வாங்கக்கூடிய இலகுவான திறந்த கார் என்ற ஒன்று சந்தையில் ஏறத்தாழ இல்லாமலே போயிற்று.

இந்த வெற்றிடத்தைக் கண்டு சொன்னவர் பாப் ஹால் என்ற அமெரிக்கக் கார் இதழாளர். 1979ஆம் ஆண்டில் அவர் மாஸ்டாவின் மூத்த பொறியாளர் கெனிச்சி யமமோட்டோவைச் சந்தித்தபோது, பழைய பிரிட்டிஷ் ரோட்ஸ்டர்களைப் போன்ற ஒரு காரை, ஆனால் பழுதாகாத ஒரு காரை, நீங்கள் ஏன் செய்யக் கூடாது என்று கேட்டார். சில ஆண்டுகளில் அவரே மாஸ்டாவின் கலிஃபோர்னியா அலுவலகத்தில் பணிக்குச் சேர்ந்தார், யமமோட்டோவும் நிறுவனத்தின் தலைவரானார். தோஷிஹிகோ ஹிராய் தலைமைப் பொறியாளராகப் பொறுப்பேற்று முடித்த கார் 1989 பிப்ரவரியில் சிகாகோ கார் கண்காட்சியில் திரை விலக்கப்பட்டது. அமெரிக்காவில் அதன் விலை 13,800 டாலர். கேட்டவர்கள் அனைவருக்கும் கார் கிடைக்காததால் முதல் மாதங்களில் விற்பனையாளர்கள் அந்த விலைக்கு மேலும் பல ஆயிரம் டாலர் கேட்டார்கள், கொடுக்கவும் ஆள் இருந்தது. பத்து லட்சமாவது கார் 2016 ஏப்ரலில் ஹிரோஷிமாவில் தயாராயிற்று.

ஹிராயும் அவருடைய குழுவும் தங்கள் நோக்கத்தை ‘ஜின்பா இத்தாய்’ என்ற ஜப்பானியத் தொடரால் குறித்தார்கள். குதிரையும் அதன்மேல் இருப்பவரும் ஓருடலாதல் என்பது அதன் பொருள். ஓடும் குதிரையிலிருந்து இலக்கை நோக்கி அம்பெய்யும் யாபுசமே என்ற பழைய கலையோடு இணைத்துப் பேசப்படும் தொடர் இது. இரு கைகளும் வில்லில் இருக்க, கடிவாளம் பற்றாத வீரனின் எண்ணத்தைக் குதிரை அவன் உடலின் அசைவிலிருந்தே அறிந்துகொள்வதைப் போல, ஓட்டுநர் நினைத்ததைக் கார் உடனே செய்ய வேண்டும் என்பதே அவர்கள் தமக்கு வைத்துக்கொண்ட இலக்கு. அதற்கு வேண்டியது வலிமையான என்ஜின் அன்று, குறைந்த எடை. முதல் கார் ஜப்பானில் 940 கிலோ எடையும், 1.6 லிட்டர் என்ஜினிலிருந்து 120 குதிரைத்திறனும் கொண்டிருந்தது. இன்றைய குடும்பக் கார்கள் பலவும் இதைவிட விரைவாகப் பாயும் என்பதால், எண்களை மட்டும் பார்ப்பவருக்கு இதில் அப்படி என்ன இருக்கிறது என்ற கேள்வி எழலாம்.

விடை அந்த எடை வைக்கப்பட்ட இடங்களில் இருக்கிறது. என்ஜின் முன்சக்கரங்களின் அச்சுக்குப் பின்னால், ஓட்டுநரை நோக்கித் தள்ளி அமர்த்தப்பட்டது. கனமான பேட்டரி முன்பக்கத்திலிருந்து பின்பக்க டிக்கிக்குள் கொண்டுபோகப்பட்டது. இவற்றால் ஓட்டுநர் அமர்ந்த நிலையில் முன்சக்கரங்களும் பின்சக்கரங்களும் ஏறத்தாழச் சரிபாதியாகப் பாரத்தைத் தாங்குகின்றன. திருப்பத்தில் ஸ்டீயரிங்கைச் சற்றே அசைத்தாலும் வண்டியின் மூக்கு தயங்காமல் அந்தப் பக்கம் திரும்புவதற்கு இதுவே காரணம். மேலும், என்ஜினின் ஆற்றலைப் பின்சக்கரங்களுக்குப் பகிர்ந்தளிக்கும் டிஃபரன்ஷியல் என்ற பல்சக்கரப் பெட்டியையும், முன்னாலுள்ள கியர் பெட்டியையும் ஒரு நீண்ட அலுமினியச் சட்டத்தால் இறுகப் பிணைத்தார்கள். பொதுவாக ஆக்சிலரேட்டரை மிதித்த கணத்தில் இந்த உறுப்புகள் தத்தம் ரப்பர் தாங்கிகளில் சிறிது முறுக்கிக்கொண்ட பிறகே சக்கரம் இழுக்கத் தொடங்கும். அந்தச் சட்டம் இந்த இடைவெளியை நீக்கிவிடுகிறது. வாங்கும்போது யாரும் இதைக் குனிந்து பார்ப்பதில்லை, ஆனால் ஓட்டும் ஒவ்வொரு கணமும் பாதத்தின் அடியில் அதை உணர்கிறார்கள்.

கூரையைத் திறந்த பின் ஏற்படும் மாற்றம் காற்று வீசுவதோடு நிற்பதில்லை. மூடிய காரில் பயணிப்பவருக்குச் சாலை என்பது கண்ணாடிக்கு அப்பால் ஓடும் காட்சி. திறந்த காரில் அது மணமாகவும் ஒலியாகவும் வெப்பமாகவும் வந்து தொடுகிறது. காட்டுக்குள் நுழைந்ததும் தோளில் இறங்கும் குளிர்ச்சி, பாலத்துக்கு அடியில் சுவரில் மோதித் திரும்பும் என்ஜினின் ஒலி, அறுத்த புல்லின் வாசம், ஆற்றோரத்தில் திடீரென்று கனக்கும் ஈரக்காற்று என்று ஒரே சாலை பத்துச் சாலைகளாகப் பிரிந்து புலப்படுகிறது. இருக்கை தரைக்கு மிக அருகில் இருப்பதாலும் தலைக்கு மேல் எதுவும் இல்லாததாலும் 60 கிலோமீட்டர் வேகமே பெருவேகமாகத் தோன்றும். சட்டத்தையும் பிறர் உயிரையும் மதித்துக்கொண்டே ஓட்டும் இன்பத்தை முழுமையாக நுகர முடிகிறது என்பதுதான் இவ்வகைக் காரின் தலையாய சிறப்பு. ஐந்நூறு குதிரைத்திறன் கொண்ட காரை வைத்திருப்பவர் பொதுச்சாலையில் அதன் ஆற்றலில் பெரும்பகுதியைத் தொடவே முடியாது. ரோட்ஸ்டர்காரரோ நாள்தோறும் தன் காரின் முழு ஆற்றலையும் கேட்டு வாங்கிக்கொள்கிறார்.

எனினும் காற்று எப்போதும் நண்பனாக இருப்பதில்லை. முன்கண்ணாடியின் மேல்விளிம்பைத் தாண்டிச் செல்லும் காற்று, கண்ணாடிக்குப் பின்னால் உண்டாகும் தாழ்ந்த அழுத்தத்தால் இழுக்கப்பட்டுச் சுழன்று, இருக்கைகளின் பின்புறமாகத் திரும்பி வந்து பிடரியில் அறைகிறது. திறந்த காரில் முகத்தைவிடக் கழுத்தின் பின்பக்கமே அதிகம் குளிர்வதற்கும், தலைமயிர் முன்னோக்கிப் பறப்பதற்கும் இதுவே காரணம். இருக்கைகளுக்குப் பின்னால் ஒரு சிறிய வலைத்தடுப்பு அல்லது கண்ணாடித் தடுப்பு வைப்பதும், பக்கக் கண்ணாடிகளை ஏற்றிவிடுவதும் இதைப் பெரிதும் குறைக்கும். இதே காற்றோட்டம் ஒரு நன்மையும் செய்கிறது: நல்ல வேகத்தில் போகும்போது சிறுதூறல் உள்ளிருப்பவர் மேல் படாமல் தலைக்கு மேலாகவே கடந்துபோகிறது, சிக்னலில் நின்றால்தான் நனைய வேண்டும். நெடுஞ்சாலையில் வேகம் நூறைத் தாண்டினால் இரைச்சலில் பேச்சு கேட்காது. நீண்ட பயணத்தில் அது காதுக்கும் நல்லதன்று. லாரிக்குப் பக்கத்தில் போக நேர்ந்தால் அதன் சக்கர அச்சு ஓட்டுநரின் தோள்மட்டத்தில் சுழலும்; டீசல் புகை நேரே மடியில் இறங்கும். வெயிலில் நிறுத்திய காரின் கறுப்பு இருக்கையில் வெறுங்காலோடு அமர்ந்தவர் அடுத்த முறை ஒரு துண்டைக் கொண்டுவர மறப்பதில்லை.

கூரை இல்லாமை காரின் எலும்புக்கூட்டையும் பாதிக்கிறது. மூடியோடு இருக்கும் ஓர் அட்டைப்பெட்டியின் இரு முனைகளைப் பிடித்து முறுக்கினால் அது எதிர்த்து நிற்கும். மூடியைக் கழற்றிவிட்டு முறுக்கினால் எளிதில் நெளியும். காரின் உடலும் அத்தகைய பெட்டிதான். அதனால் மேடுபள்ளங்களில் ஏறி இறங்கும்போது டாஷ்போர்டும் கண்ணாடிச் சட்டமும் ஸ்டீயரிங்கும் மெல்ல நடுங்கும். இதை ஆங்கிலேயர்கள் ஸ்கட்டில் ஷேக் என்று குறிப்பிடுகிறார்கள், ஸ்கட்டில் என்பது முன்கண்ணாடியின் அடியில் குறுக்காக ஓடும் பகுதி. இதைக் கட்டுப்படுத்தக் கதவுகளின் கீழே நெடுக ஓடும் பக்கச் சட்டங்களைத் தடிமனாக்கி, அடிப்பகுதியில் குறுக்குச் சட்டங்களைப் பொருத்துகிறார்கள். அந்தப் பக்கச் சட்டம் உள்ளீடற்ற எஃகுக் குழாய் போன்றது. கூரை சுமந்திருக்க வேண்டிய வேலையில் பெரும்பங்கை அதுதான் சுமக்கிறது.

உரிமையாளரின் உழைப்பைப் பெரிதும் கேட்பது துணிக்கூரை. முதல் தலைமுறைக் காரில் கண்ணாடிச் சட்டத்தின் இரு மூலைகளிலும் உள்ள இரண்டு கொக்கிகளை விடுவித்து, பின்புறத்துப் பிளாஸ்டிக் சன்னலின் ஜிப்பைச் சுற்றித் திறந்து, அந்தச் சன்னலைத் தட்டையாகக் கிடத்தி, அதன்மேல் மென்மையான துணியொன்றை விரித்த பிறகே கூரையைப் பின்னோக்கி மடிக்க வேண்டும். ஜிப்பைத் திறக்காமல் அவசரமாக மடித்தால் பிளாஸ்டிக்கில் மடிப்பு விழும். அந்த மடிப்பு வெண்கோடாகி, கோடு விரிசலாகி, பின்னால் வரும் வண்டியே தெரியாத நிலைக்குக் கொண்டுபோய்விடும். குளிர்காலத்தில் பிளாஸ்டிக் விறைத்திருக்கும்போது மடித்தால் அன்றே உடையவும் கூடும். நனைந்த கூரையை மடித்து வைத்தால் பூஞ்சை பிடிக்கும், துணியின் மடிப்புகளில் கறுப்புப் புள்ளிகள் பரவும், காருக்குள் பூட்டிவைத்த பெட்டியின் நாற்றம் தங்கிவிடும். ஆகவே மழையில் வீடு வந்தவர் கூரையை மூடியே வைத்து, நன்கு உலர்ந்த பிறகு திறக்கிறார். 1998இல் வந்த இரண்டாம் தலைமுறையில் பிளாஸ்டிக்குக்குப் பதிலாக உண்மையான கண்ணாடி வந்தது பெரிய நிம்மதி. அதே மாற்றத்தில் பொத்தானை அழுத்தினால் எழுந்து விழிக்கும் முன்விளக்குகள் போய்விட்டதை மட்டும் பலர் இன்றுவரை மன்னிக்கவில்லை.

திருட்டைப் பற்றி இந்தக் கார் வைத்திருப்பவர்களிடையே வழங்கும் நடைமுறை புதியவர்களைத் திகைக்க வைக்கும். கதவைப் பூட்டினால் திருடன் கூரையைக் கத்தியால் கிழிப்பான். கிழிந்த கூரையை மாற்றும் செலவோ உள்ளே இருந்த ரேடியோவின் விலையைப் போலப் பல மடங்கு. ஆகையால் பலர் காருக்குள் ஒரு பொருளும் வைக்காமல் கதவைப் பூட்டாமலே விட்டுச் செல்கிறார்கள். பொருள் வைக்க இடமும் அதிகமில்லை: 2015இல் வந்த நான்காம் தலைமுறையின் டிக்கி 130 லிட்டர் மட்டுமே கொள்ளும், இரண்டு மென்பைகளை அடுக்கினால் நிறைந்துவிடும், மாற்றுச் சக்கரத்துக்கு இடமில்லாததால் துளையடைக்கும் பசையும் காற்றடிக்கும் கருவியும்தான் கொடுக்கப்படுகின்றன. நெட்டையானவருக்கு முன்கண்ணாடியின் மேல்விளிம்பு கண்ணுக்கு நேராக வரும். முழங்கால் வலி உள்ளவருக்கு ஏறுவது எளிது, எழுவது கடினம்.

பிரிட்டிஷ் கார்களோடு ஒப்பிட்டால் இயந்திரப் பழுதுகள் குறைவு, ஆயினும் அறவே இல்லை என்று சொல்ல முடியாது. முதல் இரண்டு ஆண்டுகளில் வந்த 1.6 லிட்டர் என்ஜின்களில், பிஸ்டன்களின் மேல்கீழ் ஓட்டத்தைச் சுழற்சியாக மாற்றும் கிராங்க் தண்டின் முன்முனை குட்டையாக இருந்தது. பெல்ட் மாற்றும்போது அங்குள்ள போல்ட்டைச் சரியாக இறுக்காவிட்டால், கப்பியை நிலைநிறுத்தும் சிறு ஆப்பும் அது அமர்ந்த பள்ளமும் தேய்ந்து, என்ஜின் தன் தாளத்தை இழந்துவிடும். பழைய காரை வாங்க வருபவர் கப்பியில் உள்ள வெட்டுகளை எண்ணிப் பார்த்து, இது குட்டை முனையா நீள முனையா என்று கண்டறிவது இதனால்தான். டிக்கியில் உள்ள பேட்டரியும் கவனம் கேட்பது: அது மூடிய வகையாகவும், வாயு வெளியேறக் குழாய் உள்ளதாகவும் இருக்க வேண்டும், மலிவாகக் கிடைக்கிறதென்று சாதாரணப் பேட்டரியை வைத்தவர்களின் டிக்கித் தகட்டை அமில ஆவி அரித்திருக்கிறது.

துணிக்கூரையின் இத்தனை தொல்லைகளையும் கண்ட மாஸ்டா, 2006இல் மூன்றாம் தலைமுறையிலும் பின்னர் ஆர்.எஃப். என்ற பெயரில் நான்காம் தலைமுறையிலும், மோட்டாரால் மடியும் கெட்டிக்கூரையைக் கொண்டுவந்தது. அது இரைச்சலைக் குறைக்கிறது, கத்திக்கு அஞ்ச வேண்டியதில்லை, குளிரைத் தடுக்கிறது. ஆனால் எடை கூடுகிறது, மோட்டார்களும் உணரிகளும் பெருகுகின்றன; ஆர்.எஃப். வகையில் பின்புறத் தூண்கள் அப்படியே நிற்பதால் வானமும் ஓரளவே திறக்கிறது. நான்காம் தலைமுறையின் துணிக்கூரையோ ஒரே ஒரு கொக்கி, ஒரு கை, சில விநாடிகள். இருக்கையை விட்டு எழாமலே சிக்னலில் திறந்து மூடலாம். எளிதாகத் திறக்கும் கூரைதான் அடிக்கடி திறக்கப்படும் என்பதால், இந்தக் காருக்குத் துணிக்கூரையே பொருத்தமானது என்று துணிந்து சொல்லலாம்.

முதல் தலைமுறைக் கார்கள் முப்பது வயதைக் கடந்துவிட்டன. பழைய காரைத் தூக்கியெறிய மனமில்லாதவர்களுக்காக, ஜப்பானில் மாஸ்டாவே அவற்றைப் புதுப்பித்துத் தரும் திட்டமொன்றை 2017இல் அறிவித்தது. தயாரிப்பு நின்றுபோன துணிக்கூரையையும் மரப்பிடி கொண்ட ஸ்டீயரிங்கையும் அந்தக் காலத்து டயரையும்கூட மீண்டும் செய்யவைத்தது. கார் நிறுவனம் ஒன்று தன் எளிய விலைக் காருக்கு இவ்வளவு மதிப்புக் கொடுப்பது அரிய செயல், பாராட்டத்தக்க செயல். இருந்தாலும் அந்தத் திட்டத்துக்குக் காரை அனுப்ப வேண்டுமானால் முதலில் அதன் உடல் மிஞ்சியிருக்க வேண்டும், உடலைத் தின்பது துரு.

துரு தொடங்கும் இடம் பெரும்பாலும் ஒன்றே. துணிக்கூரையின் மேல் விழும் மழைநீர் அதன் அடிவிளிம்பில் உள்ள பிளாஸ்டிக் வாய்க்காலில் சேர்ந்து, இருக்கைகளுக்குப் பின்னால் இரு ஓரங்களிலும் உள்ள துளைகளின் வழியே குழாயில் இறங்கி, பின்சக்கரங்களுக்குச் சற்று முன்னால் காரின் அடியில் வெளியேறுமாறு அமைக்கப்பட்டுள்ளது. மரத்தடியில் நிற்கும் காரில் சருகும் மண்ணும் பாசியும் நாளடைவில் அந்தத் துளையை அடைக்கின்றன. போக வழியில்லாத நீர் தேங்கிப் பொங்கி, ஒருபக்கம் தரைவிரிப்புக்கு அடியிலும் மறுபக்கம் உள்ளீடற்ற பக்கச் சட்டத்துக்குள்ளும் இறங்குகிறது. வெளியே பளபளப்பு குன்றாமல் இருக்கும்போதே உள்ளே எஃகு தாள்தாளாக உரிகிறது. பின்சக்கர வளைவுக்கு முன்னால், கதவின் கீழ்மூலைக்கு அருகே, பெயின்ட்டில் ஒரு சிறு கொப்புளம் தோன்றும் நாளில் அதன் பின்னாலுள்ள உட்தகடு பெரும்பாலும் போயே விட்டிருக்கும். கூரையின் வேலையைச் சுமக்கும் உறுப்பு அதுவே ஆகையால், பிரிட்டனின் ஆண்டுத் தகுதிச் சோதனையில் இத்தகைய கார்கள் நிறுத்தப்படுவது வழக்கம். அழுகிய பகுதியை வெட்டியெடுத்துப் புதுத் தகடு வைத்துப் பற்றவைக்கும் செலவு சில வேளைகளில் காரின் மதிப்பையே எட்டிவிடுகிறது.

இதைத் தடுக்கத் தேவைப்படுவது சிறிது நேரமும் வளையக்கூடிய ஒரு மெல்லிய பிளாஸ்டிக் கம்பியும்தான். இருக்கைகளை முன்னால் தள்ளி, கூரையைப் பாதி உயர்த்தி நிறுத்தி, இருக்கைப் பட்டைக்கு அருகில் விரலால் தடவித் துளையைக் கண்டுபிடித்து, கம்பியை மெல்ல இறக்க வேண்டும். அழுத்திக் குத்தினால் குழாய் கழன்றுவிடும். கம்பியோடு மேலே வருவது ஈரச்சருகும் கறுப்புச் சேறும். பிறகு ஒரு குவளை நீரைச் சிறிது சிறிதாக ஊற்றிவிட்டுக் குனிந்து பார்க்கிறார்கள். பின்சக்கரத்துக்கு முன்னால் தரையில் முதலில் கலங்கலாகவும், அடுத்த குவளைக்குத் தெளிவாகவும் நீர் வழிந்தோடினால், கம்பியைத் துடைத்து வைத்துவிட்டு அடுத்த பக்கத்துத் துளைக்குப் போகிறார்கள்.